எட்டுக்குப் போனவர்கள்

மேம்பாலம் கட்டுவதற்கு முன்பு எங்கள் பேருந்து நிலையத்தில் நின்று நிமிர்ந்தால் வானம் தெரியும். கட்டிய பிறகு தெரிவது பாலத்தின் அடிவயிறுதான். மழைக்கு ஒதுங்க நல்லதாயிற்று என்று முதலில் எல்லோரும் சொன்னோம். வண்டிகள் கக்குகிற புகை மேலே போக வழியில்லாமல் பாலத்தில் முட்டித் திரும்பி எங்கள் தலையிலேயே இறங்கும் என்பது முதல் குளிர்காலத்தில்தான் உறைத்தது. காலையில் கடை திறந்து பூட்டுகளையும் சங்கிலிகளையும் சீப்புகளையும் வரிசையாக மாட்டுவேன். மத்தியானத்துக்குள் வெள்ளைச் சீப்பு சாம்பல் சீப்பாகிவிடும். "இதுல வெள்ளை இருக்கா?" என்று கேட்பார்கள். அதையே துடைத்துக் கொடுப்பேன். "ஆமா, இதுதான் கேட்டேன்" என்று வாங்கிப் போவார்கள்.

என் கடை ஐந்தாவது நடைமேடைத் தூணை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் முதல் மாடியில் அறிவிப்பு அறையும், அதன் ஜன்னலில் மைக்கக்காவின் தலையும் தெரியும். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, போக வேண்டிய வேலை எதுவும் இல்லாதவனுக்கும் ஏறி உட்கார்ந்து போய்விட்டு வரலாமா என்று தோன்றும். அப்படி ஒரு குரல்.

அந்த ஜன்னலை அவளால் சாத்த முடியாது. எந்த வண்டி எந்த நடைமேடையில் நுழைகிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிவிக்க வேண்டும். கண்ணாடியைச் சாத்தினால் கரி படிந்து ஒன்றும் தெரியாது. செய்தித்தாளை நனைத்துத் துடைப்பாள், அடுத்த வண்டி உறுமிவிட்டுப் போவதற்குள் மறுபடி மங்கிவிடும். ஒருநாள் வெறுத்துப்போய்த் திறந்தே விட்டுவிட்டாள். கீழே ஒன்று, இரண்டு, மூன்று நடைமேடைகளில் நிற்கிற வண்டிகளின் பின்புறம் நேரே அந்த ஜன்னலுக்கு அடியில்தான் இருக்கும்.

முதலில் தும்மலாக வந்தது. அப்புறம் நெற்றியில் பாரம், கன்ன எலும்புக்குள் குடைச்சல், தொண்டையில் எந்நேரமும் இறங்கிக்கொண்டே இருக்கிற சளி. குனிந்தால் தலை கழன்று விழுந்துவிடும்போல் இருக்கும் என்பாள். இரண்டு குளிர்காலம் போவதற்குள் வாசனையும் போயிற்று. எங்கள் வீடும் அவள் வீடும் நிலையத்துக்குப் பின்னால் ஒரே வரிசையில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டவை. அவள் அடுப்பில் சோறு தீய்ந்தால் என் மனைவிக்குத்தான் முதலில் தெரியும். சுவரைத் தட்டுவாள். அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்கும்.

மூக்கடைப்பு அவள் எழுத்துகளையும் விட்டுவைக்கவில்லை. மூக்கு அடைத்தவர் வாயில் ம எல்லாம் ப ஆகிவிடும், ந எல்லாம் த ஆகிவிடும், ண-வோ ன-வோ வந்தால் ட. "பயணிகளின் கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பிப்பது ஒலிபெருக்கியில் "பயடிகளிட் கவடத்திற்கு" என்று இறங்கும். கண்டக்டர்கள் சும்மா இருப்பார்களா?

"மைக்கக்கா, இது மலை வண்டியா, பலை வண்டியா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, "உட் பூஞ்சிக்கு வட்டியே கிடையாது, போடா" என்பாள்.

கீழே ஒரே சிரிப்பாக இருக்கும். அவளும் சிரிப்பாள். ஆனால் அன்றிலிருந்து எல்லா அறிவிப்பையும் மூன்று முறை சொல்ல ஆரம்பித்தாள். முதல் தடவை புரியாதவனுக்கு மூன்றாவது தடவையாவது புரியட்டும் என்று.

அவள் புருஷனும் அதே நிலையத்து டிரைவர். ஆறாவது நடைமேடையிலிருந்து துறைமுகத்துக்குப் போகிற வண்டி அவனுடையது. வீட்டில் மூன்றாவது ஆள் மாமனார், ஓய்வு பெற்ற டிக்கெட் பரிசோதகர். சட்டைப்பையில் இன்னமும் பேனா குத்தியிருப்பார். மருமகள் வேலைக்குப் போவதற்கு முன் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடிக்கும்போது அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

துண்டுக்குள்ளிருந்து பதில் வரும். "உள்ள சதை வளந்திருக்காம் மாமா. எடுக்கணுமாம்."

"எடுத்தா சரியாப்போகுமா?"

"வழி திறக்குமாம். திரும்ப அதே காத்துல போய் உக்காந்தா திரும்ப அடைக்குமாம்."

"அப்புறம் எதுக்கு எடுக்கணும்? முப்பது வருஷம் அந்தப் புகையிலதான் நின்னேன். எனக்கு என்ன ஆயிருச்சு?"

கேட்டு முடிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்துவிடும். அது லேசில் நிற்காது. துண்டுக்குள் அவளும், வாசலில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு டிரைவரும் அது முடிகிறவரை காத்திருப்பார்கள். முடிந்ததும் அவர் விட்ட இடத்திலிருந்து, "ஒண்ணும் ஆகல" என்பார்.

மேனேஜரிடமும் அவள் கேட்டுப் பார்த்தாள். அறையை வேறு பக்கம் மாற்றுங்கள், இல்லையென்றால் கீழே நிற்கிற நேரத்திலாவது எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள் என்றாள். மேனேஜர் கெட்டவர் இல்லை. "அணைச்சா திரும்ப ஸ்டார்ட் ஆகாதும்மா. பாதி வண்டி அப்படித்தான் ஓடுது. மேல சொல்லியிருக்கேன்" என்றார். மேலே என்று அவர் கை காட்டிய இடத்தில் மேம்பாலம்தான் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு விபத்து நடந்தது. அன்று காலையில் பனி இறங்கியிருந்தது. பனியும் புகையும் கலந்து, தூணுக்குத் தூண் சாம்பல் திரை கட்டியதுபோல் நின்றது. விளக்குகளை அணைக்கவேயில்லை. ஐந்தாவது நடைமேடையில் குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள். அதனால் வழக்கமாக ஐந்தில் நிற்கிற மலை வண்டி அன்றைக்கு இரண்டுக்குப் போயிற்று. மலையில் இருக்கிற விடுதிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் அதில்தான் போவார்கள். துணி தேய்க்கிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், தோட்ட வேலைக்காரர்கள். அவர்கள் பழக்கம் மாறாமல் தோண்டிய குழியைச் சுற்றி என் கடை முன்னால் நின்றார்கள்.

மைக்கக்காவுக்கு அன்று காலை எழுந்ததிலிருந்தே புருவத்துக்கு நடுவில் ஆணி அடித்ததுபோல் இருந்ததாம். மலை வண்டி இரண்டில் நுழைவதைப் பார்த்தாள், மைக்கை அழுத்தினாள், "இரண்டாவது நடைமேடை" என்று சொன்னாள். ஒரே ஒரு தடவைதான். அதற்குமேல் தலையைத் தூக்க முடியாமல் மேசையில் கவிழ்ந்துகொண்டாள்.

ண போய் ட வந்தால் 'இரண்டாவது' என்ன ஆகும் என்று சொல்லிப் பாருங்கள். இரட்டாவது. முதல் எழுத்துகள் அவள் தொண்டைச் சளியிலேயே பாதி மூழ்கிவிடும், மீதியை எங்கள் ஒலிபெருக்கி விழுங்கிவிடும். நான் கேட்கவில்லை. வருஷக்கணக்காகக் கேட்டதில் அறிவிப்பு என் காதில் விழுவதே இல்லை. நின்றவர்கள் கேட்டார்கள். மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு எட்டாவது நடைமேடையைப் பார்த்து நடந்தார்கள்.

எட்டில் வண்டி இல்லை. வரும் என்று நின்றார்கள். அந்தப் பக்கம் இரண்டில் மலை வண்டி ஹாரன் அடித்தபோது ஒருத்தர், "அய்யய்யோ, அங்க நிக்குதுய்யா" என்றார். அவ்வளவுதான், எல்லோரும் ஓடினார்கள். நடைமேடை வழியாகச் சுற்றி ஓட நேரமில்லை, வண்டிகள் பின்வாங்குகிற தார்ப்பாதை வழியே குறுக்கே ஓடினார்கள். ஆறில் துறைமுக வண்டி அப்போதுதான் பின்னால் வர ஆரம்பித்திருந்தது. கண்டக்டர் பின்னால் நின்று விசில் கொடுத்தபோது அங்கே யாரும் இல்லை. எட்டாவது தூணின் மறைவிலிருந்து அந்தக் கூட்டம் வந்ததை அவன் பார்த்தபோது முதலில் ஓடியவர்கள் தாண்டிவிட்டார்கள். கடைசியாக வந்தது இஸ்திரியம்மா. மலை விடுதி ஒன்றில் விரிப்புகளும் சட்டைகளும் தேய்க்கிறவள். அறுபதைத் தொடுகிற வயது. கையில் ஒரு பை. வண்டியின் பின்மூலை அவள் தோளில் இடித்துத் தள்ள, இடது பாதம் சக்கரத்துக்கடியில் போனது.

கண்டக்டர் கத்தினான். டிரைவர் நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தான். வண்டியை ஒரு முழம் முன்னால் எடுக்க வேண்டும், அதற்கு அவன் திரும்ப ஏற வேண்டும். ஏறினான். எடுத்தான். இறங்கி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான். அதற்குள் மலை வண்டி மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. சாட்சி சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள்.

சத்தம் கேட்டு மைக்கக்கா ஜன்னலில் தலையை நீட்டினாள். புருஷனை முதலில் பார்த்தாள். எட்டாவது நடைமேடையில் கிடந்த ஒரு குடையையும் ஒரு சாப்பாட்டுத் தூக்கையும் அப்புறம் பார்த்தாள். மலை வண்டிக்காரர்கள் எட்டில் என்ன செய்தார்கள் என்று அவள் தனக்குள் கேட்டுக்கொண்டாள். வாயைத் திறந்து, மைக் இல்லாமல், "இரண்டாவது" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். இதை அவளே என் மனைவியிடம் சொன்னாள். "என் காதுக்கே எட்டுன்னுதான் கேட்டுது" என்றாள்.

டிரைவரை அன்றே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை முடிகிறவரை என்றார்கள். சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் இறங்கவில்லை.

"விசில் கொடுத்தான், எடுத்தேன். கண்ணாடியில யாருமே இல்ல" என்றான் டிரைவர்.

"யாரும் இல்லதான்" என்றாள் அவள். "நான்தான் அனுப்பியிருக்கேன்."

"என்ன உளர்றே?"

அவள் சொன்னாள். ஒரு தடவைதான் சொன்னேன், அதுவும் எட்டு என்று கேட்டிருக்கிறது, அவர்கள் எட்டுக்குப் போனதால்தான் குறுக்கே ஓடினார்கள் என்றாள்.

அவன் எழுந்து வாசற்கதவைச் சாத்தினான். அப்புறம், "இதை வேற யார்கிட்டயும் சொல்லாதே" என்றான்.

"ஏன்?"

"சொன்னா என்ன ஆகும்? உன்னையும் நிறுத்துவாங்க. நான் எங்கயாவது வாட்ச்மேன் வேலைக்காவது போயிருவேன். உனக்கு மைக்கை விட்டா என்ன தெரியும்?"

"அதுக்காக நீங்க செய்யாததை..."

"இடிச்சது என் வண்டி. அது நான் செஞ்சதுதான்."

மாமனார் பேனாவைப் பையிலிருந்து எடுத்து, பார்த்து, திரும்பக் குத்திக்கொண்டார். "ரெண்டு பேர்ல ஒருத்தராவது உள்ள இருக்கணும்மா. அடிபட்ட அந்தம்மா எட்டுன்னு கேட்டுதுன்னு சொன்னா, வயசான காதுன்னு எழுதுவாங்க. நாம என்ன பொய்யா சொல்றோம்? ரெண்டுன்னுதானே சொன்னே? ரெண்டுன்னு சொன்னேன்னு சொல்லு. அது உண்மைதானே?"

அது உண்மைதான்.

டாக்டரம்மா கொடுத்த சொட்டு மருந்து ஒன்று இருந்தது. விட்டால் சில மணி நேரம் மூக்கு திறக்கும், தொடர்ந்து விடக்கூடாது என்று சொல்லியிருந்தார். விசாரணை நாள் வரைக்கும் இதை விட்டுக்கொள், குரல் நன்றாக இருக்கட்டும் என்று மாமனார் சொல்ல, அவளும் விட்டுக்கொண்டாள். மைக்கில் குரல் தெளிந்தது. கண்டக்டர்களுக்கு ஆச்சரியம். "அக்காவுக்கு ம வந்துருச்சுடா" என்றார்கள். பழையபடி அவள் ஜன்னலுக்கு வந்து பதில் சொல்லவில்லை.

ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டிரைவரின் மனைவி என்று மட்டும் சொல்லிக்கொண்டாள். இஸ்திரியம்மாவின் பாதம் பெரிய கட்டுக்குள் தலையணை மேல் இருந்தது. பக்கத்தில் அவள் மகன், செல்போன் பழுது பார்க்கிறவன், சுவரில் சாய்ந்து நின்றான்.

"உங்க வீட்டுக்காரர்தான் தூக்கிட்டு வந்தாரு" என்றாள் இஸ்திரியம்மா. "அழுதுட்டே வந்தாரு. நான்தான் ஆறுதல் சொன்னேன், போங்க."

"அவர் மேல தப்பு இல்லைங்க" என்றான் மகன். "அம்மாவுக்குக் காது போச்சு. ரெண்டுன்னு சொன்னதை எட்டுன்னு கேட்டுட்டு ஓடியிருக்காங்க. ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க. இனிமே தனியா வெளிய விடப்போறதில்ல. வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம், வீட்டுல இருக்கட்டும்."

"எனக்குக் காது நல்லாத்தான்டா இருக்கு."

"நல்லா இருந்தா ஏம்மா எட்டுக்குப் போனே?"

"எட்டுன்னு சொன்னா, போனேன்."

"பாத்தீங்களா?" என்று மகன் மைக்கக்காவைப் பார்த்தான். "இதையேதான் சொல்லிட்டிருக்கு."

இஸ்திரியம்மா மகனோடு வாதாடுவதை விட்டுவிட்டு வந்தவளைப் பார்த்தாள். "இஸ்திரிப் பெட்டி சூடாகி விரிப்பு தீயுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சத்தம் வரும். புஸ்ஸுன்னு கூட இல்ல, அதுக்கும் கீழ. அதைக் கேட்டுத்தான் நான் கையை எடுப்பேன். இந்தக் காதாம், போச்சாம். அந்த மைக்ல பேசுறவளை ஒரு தடவை நேர்ல பாக்கணும். நீ என்னம்மா சொன்னேன்னு கேக்கணும்."

மைக்கக்கா அங்கேயே நின்றாள். மருந்து விட்ட மூக்கில் காற்று தாராளமாகப் போய் வந்தது. அவளுடைய தெளிந்த குரலை இஸ்திரியம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. பழத்தை வைத்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் சொட்டு மருந்தை எடுத்து, மூடியைத் திருகி, பரணில் தூக்கிப் போட்டாள். புருஷனிடமும் மாமனாரிடமும் சொல்லவில்லை. விசாரணை நாள் வருவதற்குள் மூக்கு பழைய நிலைக்குப் போயிருந்தது. மருந்தை நிறுத்தியதில் முன்பைவிட மோசமாகவே அடைத்திருந்தது.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். மேனேஜர் அறையில் உட்கார்ந்தார்கள். டிரைவரைக் கேட்டார்கள், கண்டக்டரைக் கேட்டார்கள். கடைசியில் ஒப்புக்கு மைக்கக்காவைக் கூப்பிட்டார்கள். நடுவில் இருந்த பெரியவர் தலை தூக்காமலே, "ரெண்டாவது நடைமேடைன்னு அறிவிச்சீங்க, சரிதானே?" என்றார்.

"சொன்னேன். ஆனா நீங்க கேட்டுப் பாக்கணும்" என்றாள். எல்லா ன-வும் ட-வாக விழுந்தது. பெரியவர் இப்போது தலை தூக்கினார்.

"என்னம்மா, சளியா?"

"ஆமாங்க. அன்னைக்கும் இப்படித்தான். நான் மேல போய்ச் சொல்றேன். நீங்க மூணு பேரும் கீழ அஞ்சாவது நடைமேடையில பயணிங்களோட நில்லுங்க. மலை வண்டி எங்கே வருதுன்னு நான் சொல்றேன். நம்பரை முன்னாடியே சொல்ல மாட்டேன்."

"இதெல்லாம் எதுக்கு?"

"கேட்டாத் தெரியும்."

அறைக்கு வெளியே நின்ற டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்து, "சார், அவளுக்கு உடம்பு சரியில்ல, விட்டுருங்க" என்றான். அவள் அவனைத் தாண்டிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மேனேஜர் மட்டும் அவளோடு போய் நம்பரைக் காதில் வாங்கிக்கொண்டு, மலை வண்டி டிரைவரிடம் சொல்லி அனுப்பினார்.

அதிகாரிகள் மூவரும் என் கடை வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் சீப்பு ஒன்றைத் தொட்டுவிட்டு விரலைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். சுற்றி மலை வண்டிக்காரர்கள் மூட்டைகளோடு நின்றார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயடிகளிட் கவடத்திற்கு. பலை வட்டி..." அதற்குப் பிறகு நடைமேடை எண். ஒரே ஒரு தடவை. அன்றைக்கு மட்டும் நான் காதைக் கொடுத்துக் கேட்டேன்.

கூட்டம் நகர்ந்தது. முன்னால் ஒரு தோட்டக்காரர், பின்னால் நான்கு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள். அதிகாரிகளில் இருவர் அவர்களோடு சேர்ந்து நடந்தார்கள். பெரியவர் கொஞ்சம் தயங்கி நின்று, பிறகு அவரும் நடந்தார். எல்லோரும் எட்டாவது நடைமேடையில் போய் நின்றார்கள். அங்கே வண்டி இல்லை. பெரியவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, அவ்வளவு தூரத்திலிருந்து மேலே ஜன்னலைப் பார்த்தார். மைக்கக்கா கையை வெளியே நீட்டி இரண்டு விரலைக் காட்டினாள்.

இரண்டில் மலை வண்டி ஹாரன் அடித்தது. எட்டிலிருந்தவர்கள் தார் வழியே குறுக்கே ஓடத் தொடங்கினார்கள். "நில்லுங்க, நில்லுங்க, ஓடாதீங்க!" என்று பெரியவர்தான் கத்தினார்.

டிரைவர் என் கடைத் தூணில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "சொல்லாதேன்னு சொன்னேன்" என்றான் என்னிடம்.

"அவ எங்கே சொன்னா?" என்றேன்.

அவன் மாடிப்படி ஏறிப் போனான். ரொம்ப நேரம் இரண்டு பேரும் கீழே வரவில்லை.

தீர்ப்பு எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போயிற்று. டிரைவருக்கு எச்சரிக்கையோடு வேலை திரும்பக் கிடைத்தது. மைக்கக்காவை மைக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஒன்பதாவது நடைமேடைக்குப் பின்னால் இருக்கிற பயணிகள் பொருள் காப்பறையில் போட்டார்கள். அறிவிப்புக்கு வெளியூரிலிருந்து ஒரு பதிவுக்குரலைக் கொண்டுவந்தார்கள். அது எந்தக் குளிரிலும் ஒரே மாதிரி பேசும். ஜன்னலைப் பற்றியும் எஞ்சினை அணைப்பது பற்றியும் மேலே சொல்லப்பட்டிருப்பதாக மேனேஜர் சொன்னார்.

மாமனார் பல நாட்கள் மருமகளிடம் நேராகப் பேசவில்லை. "வேலையைத் தானே தூக்கிக் கொடுத்தவங்க வீட்டுல தண்ணி கிடைக்குமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள்.

தீர்ப்பு வந்த வாரம் அவள் இஸ்திரியம்மாவின் வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை மூக்கடைப்போடு போனாள். வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டதும் கட்டிலில் இருந்தவள் நிமிர்ந்தாள்.

"நீயா அது?"

"ஆமாங்க."

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கும் நீதானே வந்தே? வேற மாதிரி பேசினியே?"

"மருந்து விட்டிருந்தேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

இஸ்திரியம்மா மேற்கொண்டு திட்டுவாள் என்று அவள் காத்திருந்தாள். திட்டவில்லை. உள்ளே பார்த்து மகனைக் கூப்பிட்டாள். "டேய், இங்க வா. இவங்க சொல்றதைக் கேளு." அவளிடம் திரும்பி, "எனக்கு எதுவும் சொல்ல வேணாம். அவனுக்குச் சொல்லு. அன்னைக்கு என்ன சொன்னியோ அதை அப்படியே சொல்லு" என்றாள்.

அவள் சொன்னாள். மகன் கேட்டான். "எட்டாவது" என்றான்.

"இல்ல, இரண்டாவது."

மகன் அம்மாவைப் பார்த்தான். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான். சொன்னாள். அவன் உள்ளே போய், கையில் பிரித்துப் போட்டிருந்த செல்போனோடு திரும்பி வந்து, அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான். "கால் சரியானதும் வேலைக்குப் போ. ஆனா குறுக்கே ஓடாதே" என்றான்.

"ஓடுற காலா இது?" என்றாள் இஸ்திரியம்மா.

அவள் பாதம் முழுசாகச் சரியாகவில்லை. குச்சி ஊன்றித்தான் நடந்தாள். வெயில் காலம் வந்தபோது மலைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே உட்கார்ந்தபடியே தேய்க்க மேசையைத் தாழ்த்திக் கொடுத்தார்களாம்.

அதே வெயில் காலத்தில் மைக்கக்கா மூக்கில் வளர்ந்த சதையை எடுத்துக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பின் கொஞ்ச நாள் வாய் வழியே மூச்சுவிட்டாள். ஒருநாள் காலையில் எங்கள் சுவரை அவள் தட்டினாள். என் மனைவி பதறிப்போய் என்ன என்று கேட்டாள். "உங்க அடுப்புல பால் பொங்கிருச்சு" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"புகையில போய் நிக்காதீங்க. அறையை விட்டு வெளிய வந்தா மூக்கை மூடிக்கங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காப்பறை நான்கு சுவருக்குள் இருந்ததால் அவளுக்கு அது பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் டிரைவருக்குத்தான். வேலைக்குத் திரும்பியதிலிருந்து அவனால் வண்டியைப் பின்னால் எடுக்க முடியவில்லை. கண்டக்டர் விசில் கொடுப்பான். இவன் எடுக்க மாட்டான். இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்ப்பான், குனிந்து சக்கரங்களுக்கு அடியில் பார்ப்பான், ஏறுவான். கியரைப் போடுவான். மறுபடி இறங்குவான்.

"என்ன டிரைவரே, எதையாவது தொலைச்சிட்டியா?" என்று உள்ளே இருந்து கேட்பார்கள்.

"விசில்தான் கொடுத்துட்டேனே?" என்பான் கண்டக்டர்.

"அன்னைக்கும்தான் கொடுத்தே" என்பான் இவன்.

துறைமுக வண்டி தினமும் தாமதமாயிற்று. மேனேஜர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசினார். அதன் பிறகும் அவன் இறங்குவதும் ஏறுவதுமாகத்தான் இருந்தான். ஒருநாள் அவன் மூன்றாவது தடவை இறங்கியபோது பயணிகள் ஜன்னல் வழியே கத்த ஆரம்பித்தார்கள். சத்தம் காப்பறை வரைக்கும் கேட்டது. மைக்கக்கா வெளியே வந்தாள். தார் வழியைச் சுற்றி, நடைமேடை வழியாகவே நடந்து, ஆறுக்கு வந்து வண்டியின் பின்னால் நின்றாள்.

"ஏறுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவன் ஏறினான். அவள் கையை அசைத்து, "வரலாம், வரலாம், இன்னும் வரலாம்" என்று கூப்பிட்டாள். மைக் இல்லாமல் அந்தக் குரல் மூன்று நடைமேடை தாண்டிக் கேட்டது. ஒவ்வொரு ம-வும் ன-வும் அதனதன் இடத்தில் இருந்தது. நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. எஞ்சின் உறுமி, கரும்புகை நேராக அவள் முகத்துக்கு வந்தது.

எஞ்சின் நின்றுவிட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"டாக்டர் என்ன சொன்னாங்க உனக்கு? புகையில நின்னுக்கிட்டு கத்தறே? உள்ள போ."

"நீங்க எடுங்க, போறேன்."

"நீ போ, எடுக்கறேன்."

"நான் போனா நீங்க எடுக்க மாட்டீங்க."

"நீ நின்னாலும் எடுக்க மாட்டேன்."

"ரெண்டு பேரும் வீட்டுல போய்ப் பேசிக்கங்கய்யா, எங்களைக் கொண்டுபோய் விட்டுட்டு!" என்று உள்ளிருந்து ஒருவர் கத்தினார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் இறுகப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அவளால் கூப்பிட முடியாது. பின்மூலைக்கு ஓரமாக, கண்ணாடியில் அவனுக்குத் தெரிகிற இடத்தில் வந்து நின்று, மற்றக் கையால் வண்டியின் தகரத்தை ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளே அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இன்னொரு தட்டு. எஞ்சினை எழுப்பினான். அவள் தட்டிக்கொண்டே பின்னால் நடந்தாள், அவன் தட்டுக்கு ஒரு அடியாக வந்தான். வண்டி முழுசாக வெளியே வந்ததும் தட்டுவதை நிறுத்தினாள். வண்டி நின்றது.